எட்டடி நிலத்துக்கு ஓர் அமைதிப்படை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆங்கிலப் புத்தாண்டு பிறந்து இரண்டாம் நாள். திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் நான் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை பார்க்கிறேன். அன்று மதியம் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அக்கம்பக்கத்து நாடுகள் இரண்டுக்கு நடுவே போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைதிப்படையின் பணி, மேலும் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது என்று நாலே வரி.

வேறு யாராவது என்றால் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பார்கள். நான் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த என் கணவர் அந்தப் படையில்தான் ஒரு வருட டூட்டிக்குப் போயிருந்தார். தை பத்தாம் தேதிக்குள் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். தை பிறக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இப்போது ஆறு மாதம் நீட்டிப்பு என்றால், ஆடி வரைக்கும் வரமாட்டார் என்றுதானே அர்த்தம்? அதோடு ஐந்து நாளாகப் போன் வேறு இல்லை. விஷயம் தெரிந்துதான் போன் பண்ணாமல் இருக்கிறார், ஒருவேளை இவரே கை தூக்கி நான் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பார் என்று என் புத்தி ஓடியது.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம் என்று அவர் சொல்வார். பிறவிக் குணம் இல்லை, இந்த வேலை கொடுத்த குணம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை 'வடக்கே இன்னார் நிலம், தெற்கே இன்னார் நிலம்' என்று நான்கெல்லை அடித்துக்கொண்டிருப்பவள் நான். சிரித்துப் பேசிக்கொண்டே வந்து பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அண்ணன் தம்பிகள், மறுமாதம் தலையில் கட்டோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பூக்காரம்மா ஒரு முழம் சேர்த்துக் கொடுத்தால்கூட எதற்குக் கொடுக்கிறாள் என்று யோசிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு எல்லைச் சண்டை இருந்தது. ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர். எங்கள் நிலத்தை ஒட்டி என் கணவரின் பெரியப்பா மகன் நிலம். அண்ணன் முறை என்பதால் எங்கள் வழக்கப்படி நான் மாமா என்று கூப்பிடுவேன். என் மாமனாரும் அவர் அண்ணனும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு கல்லை நட்டார்களாம். அது எந்த வரைபடத்திலும் இல்லாத கல். அந்தக் கல் நின்ற இடம்தான் சாட்சி. நான் கல்யாணமாகி வந்தபோது அது இல்லை. மாமா பிடுங்கிவிட்டார் என்று இவர் சொல்வார். தம்பி பிடுங்கிவிட்டான் என்று அவர் சொல்வார். நடுவில் எட்டடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம். இரண்டு பேரும் எனது என்றார்கள்.

இவர் அமைதிப்படைக்குப் போவதற்கு ஆறு மாதம் முன்னால் லீவில் வந்திருந்தபோது மண்வெட்டியோடு இரண்டு பேரும் வயலில் இறங்கிவிட்டார்கள். இவருக்கு நெற்றியில் ஆறு தையல். மாமாவுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து மூன்று மாதம் மாவுக்கட்டு. இன்னொரு தடவை நடந்தால் இரண்டு பேர் மேலும் வழக்குப் போடுவோம் என்று போலீசில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வழக்கு என்றால் இவர் வேலை போய்விடும். எனக்கிருந்த பயம் எல்லாம் அது ஒன்றுதான்.

அமைதிப்படைக்குக் கிளம்புவதற்கு முன் இவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே எப்படி வேலை நடக்கும் என்று அப்போது சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு பட்டை நிலம். அதில் இரண்டு ராணுவமும் கால் வைக்கக்கூடாது. மூன்றாவது ஆள் நின்று பார்த்து, கண்ணால் பார்த்ததை மட்டும் நேரம் போட்டு எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக்காரன் சொன்னான், இந்தப் பக்கத்துக்காரன் சொன்னான் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதைத் தொடரலாமா என்று கேட்டுப் புதுப்பிப்பார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்த மனுஷன் என்னிடம், "ஊரான் சண்டையப் பாத்துக்க நான் கப்பல்ல போறேன், நம்ம வூட்டு சண்டைய அப்படியே வுட்டுட்டுப் போவ முடியுமா?" என்றார். கப்பலில் போகவில்லை, விமானத்தில்தான் போனார். அது வேறு.

அதே ஏற்பாட்டை இங்கேயும் செய்தார், மாமாவும் ஒத்துக்கொண்டார். எங்கள் மூன்றாவது ஆள் கோட்டக்குப்பத்திலிருந்து வரும் நிலக்கடலை வியாபாரி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ஊரே பாய் என்று கூப்பிடும். இரண்டு வீட்டு மல்லாட்டையையும் பல வருடமாக வாங்குகிறவர். எங்கள் சாதிசனத்தில் சேராதவர், வளைகுடாவில் பத்து வருடம் இருந்து வந்தவர், யாருக்கும் பயப்படாதவர். மாதத்தின் முதல் வாரம் வந்து துண்டு நிலத்தைக் காலால் நடந்து பார்ப்பார், போனில் படம் எடுத்து இரண்டு வீட்டுக்கும் அனுப்புவார், பார்த்ததைத் தன் டைரியில் எழுதிக்கொள்வார். என் கணவர் திரும்பும் வரை யாரும் அதில் ஏர் வைக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வீட்டாரும் சரி என்று சொன்னால்தான் பாய் தொடர்ந்து வருவார். இதையெல்லாம் ஒரு தாளில் டைப் அடித்துக் கொடுத்ததே நான்தான். 'தை பத்தாம் தேதி தம்பி திரும்பும் வரை' என்று அதில் அடித்ததும் இந்தக் கை.

பாய் வந்தால் லேசில் போகமாட்டார். வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, ஜல்தி ஜல்தி என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, தான் மட்டும் வெயிலில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டடி நிலத்தை ஏதோ விமான நிலையத்துக்கு இடம் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு மாமா வீட்டில் டீ குடிப்பார். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பத்து நிமிடத்தில் என் வீட்டிலும் வந்து டீ குடிப்பார். அது மட்டும் கண்ணில் படாது. ஒருமுறை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மாமாவும் பாயும் நின்று பேசுவதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க நான் அடித்த பத்திரங்களில் கிழக்கும் மேற்கும் மாறிப்போயின. முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

இந்த நிலைமையில்தான் அந்தச் செய்தி. அடுத்த நாள் காலை பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆறு மாசம் நீட்டிட்டாங்கன்னு போன்ல வந்துச்சே, ஒங்க வூட்டுக்காரரு ஆடிக்கிதான் வருவாராமே? ஒங்க மாமன் பொங்கலுக்குள்ள ஏர் ஓட்டணும்னு சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள். எங்கே ஓட்டப்போகிறார், அவருடைய நிலத்தில்தானே ஓட்டுவார் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையில் இருந்த டிக்கெட்டை உருட்டிக்கொண்டே திண்டிவனம் வரை வந்தேன்.

இறங்கியதும் பாய்க்குப் போன் போட்டேன். மாமா துண்டு நிலத்தை உழப்போகிறார் என்று படபடவென்று சொன்னேன்.

"நீ பாத்தியாம்மா?" என்றார்.

"கேள்விப்பட்டேன் பாய்."

"கேள்விப்பட்டதுக்கு என் டைரியில எடம் இல்ல. ஒன் வூட்டுக்காரர்தான் அப்படி எழுதச் சொன்னாரு. நாளன்னிக்கு நான் வர்றேன். அதுவரைக்கும் பேஜாரு பண்ணாம இரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆள் போய் நிலத்தை உழுதபிறகு இவர் வந்து படம் எடுப்பாராம். இவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் அக்கா நிற்கிறார்கள். மாமாவின் மனைவி. மண்வெட்டிச் சண்டைக்குப் பிறகு என் வாசல்படி மிதிக்காதவர்கள். தலையைக் குனிந்துகொண்டே, "வயித்து வலி தாங்கலம்மா. நாளிக்கி விடிகாலையில விழுப்புரம் போயி ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. அவரும் கூட வர்றாரு. வர சாயந்தரம் ஆயிடும். ரெண்டு மாட்டுக்கும் தண்ணி காட்டிடுறியா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார்கள். தவிட்டு மூட்டை உள்ளே இருக்கிறது, எடுத்துப் போடச் சொன்னார்கள்.

சரிக்கா என்றேன். சாவியை வாங்கிய அந்த நிமிடத்திலேயே எனக்குள் இன்னொருத்தி பேச ஆரம்பித்துவிட்டாள். ஒன்றரை வருடம் முகம் பார்க்காதவர்களுக்கு இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்? ஊரில் மாடு பார்க்க வேறு ஆளா இல்லை? என்னை மாட்டோடு கட்டிப்போட்டுவிட்டு, விழுப்புரத்தில் எந்த ஆபீசில் போய் என்ன எழுதிக் கொடுக்கப்போகிறார்கள்? ஸ்கேன் என்பது உண்மையா? அப்படி யோசித்தபடியே சோறு வடித்தேன். கொஞ்ச நேரத்தில் யோசனை வேறு பக்கம் திரும்பியது. அவர்கள் சாயங்காலம் வரை ஊரில் இருக்கமாட்டார்கள். நாளை ஒரு நாள்தான். அவர் உழுவதற்கு முன் நான் உழுதுவிட்டால் என்ன?

இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று கொஞ்சமும் வெட்கமில்லை. புத்திசாலித்தனமான காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் அவர்கள் இரண்டு பேரும் முதல் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். பத்திரக் கடைக்கு லீவு சொன்னேன். எங்கள் ஊர் டிராக்டர் என்றால் கேள்வி கேட்பார்கள் என்று பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை வரச்சொன்னேன். இடையில் மறக்காமல் போய் மாமா வீட்டு மாடுகளுக்குத் தண்ணீரும் காட்டினேன். அவை வாயில்லா ஜீவன்கள், அவற்றின் மேல் எனக்கென்ன விரோதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வருடம் ஏர் படாத நிலம், மண் இறுகிக் கிடந்தது. டிராக்டர்காரர் இறங்கிக் குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஆழமாக இறங்குகிற ஐந்து கலப்பையை மாட்டினார். கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சால், திரும்பி ஒரு சால். மூன்றாவது சாலில் பாதி வயல் தாண்டியிருக்கும், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவர் நிறுத்தவில்லை. ஏதோ வேர் என்று நினைத்து விசையைக் கூட்டினார். கலப்பை எதையோ இழுத்துக்கொண்டே வந்து, வரப்போரம் போய்த்தான் வண்டி நின்றது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கலப்பைக் கொழுவில் மாட்டிக்கொண்டு ஒரு கருங்கல் கிடந்தது. முழங்கால் உயரம். மண்ணைத் துடைத்தேன். தலைப்பக்கம் கூட்டல் குறிபோல் உளியால் வெட்டியிருந்தது. மாமனார் சொல்லக் கேட்ட அடையாளம் அதுதான்.

இத்தனை வருடம் நீ பிடுங்கினாய், நான் பிடுங்கினேன் என்று அடித்துக்கொண்ட கல்லை யாருமே பிடுங்கவில்லை. எப்போதோ சாய்ந்து, மண் மூடி, இந்தத் துண்டு நிலத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அது கிடந்த இடம் தெரிந்திருந்தால் அன்றோடு சண்டை தீர்ந்திருக்கும்.

"எந்த எடத்துல மாட்டுச்சு?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று சால் ஓட்டிய மண் ஒரே மாதிரி புரண்டு கிடந்தது. "தெரியலக்கா. குறுக்கால மறுக்கால இஸ்துக்கினு வந்துடுச்சு. இப்ப எங்கன்னு சொல்றது?" என்றார்.

நான் குனிந்து புரண்ட மண்ணைக் கையால் துழாவினேன். அவரோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் பயந்தது வேறு எதற்கோ என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "இன்னாக்கா யோசன? அந்த ஓரமா நட்டுட்டா போச்சு. மண்ண இழுத்து வுட்டுடுறேன். ரெண்டு மழ பேஞ்சா ஆதிகாலத்துக் கல்லு மாதிரி நிக்கும்" என்றார்.

அந்த ஓரம் என்றால் மாமா நிலத்தின் ஓரம். அங்கே நட்டால் எட்டடியும் எங்களுக்கு. எந்த வரைபடத்திலும் இல்லாத கல். பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். நான் அப்படிச் சொல்லவில்லை. இப்போதைக்கு என் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் போடுங்கள், மத்தியானம் வந்து சொல்கிறேன் என்றேன். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். அவர் சாப்பிடப் போனார்.

உச்சி வெயில். மாமா வீட்டு மாடு கத்தும் சத்தம் கேட்டது. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். தவிடு எடுக்க உள்ளே நுழைந்தவள், உண்மையைச் சொல்கிறேன், தவிட்டை மட்டும் பார்க்கவில்லை. மேசை, அலமாரி, ஆணியில் தொங்கிய பை எல்லாவற்றையும் கண்ணால் துழாவினேன். ஏதாவது மனு, ஏதாவது நகல், எனக்கு எதிராக ஒரு தாள் கிடைக்காதா என்று பார்த்தேன். கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சுவரில் புதுக் காலண்டர் மாட்டியிருந்தது. மாதத் தாள். அதில் நேற்றைய கட்டத்தில் கோணல்மாணலாக 'ஸ்கேன்' என்று எழுதி அடித்திருந்தது. அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் அம்பு போட்டு இன்றைக்குத் தள்ளியிருந்தார்கள். நாளைய கட்டத்தில் 'பாய்'. கீழே வந்தால் தை பத்தாம் தேதியில் பேனாவால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 'தம்பி வருது' என்று எழுதியிருந்தது.

நான் டைப் அடித்த ஒப்பந்தத் தாளில் கீழே கையெழுத்துப் போட்ட அதே கோணல் எழுத்து. மண்வெட்டியால் நெற்றியைப் பிளந்த அண்ணன், தம்பி வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஆடிக்குத்தான் வருவார் என்று ஊர் பேசிய பேச்சை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்தத் தேதியை என் கையால் அடித்த நான்தான் போனில் வந்த நாலு வரியைப் பெரிதாக நம்பினேன்.

மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டு அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது பார்த்துக் கணவரின் போன். புத்தாண்டுக்கு மலை மேலே இருந்த கண்காணிப்புச் சாவடிகளுக்குச் சாமான் ஏற்றிப் போனார்களாம், அங்கே பனி கொட்டிச் சிக்னல் இல்லையாம். குரல் சந்தோஷமாக இருந்தது.

"ஆறு மாசம் புதுப்பிச்சிட்டாங்களாமே" என்றேன்.

"ஆமா, எப்பவும் புதுப்பிக்கிறதுதான். நான் வந்தப்புறம் இது ரெண்டாவது வாட்டி."

"அப்ப நீங்க எப்பதான் வர்றது?"

"தை பத்து. இன்னா கேள்வி இது? அது படைக்குப் புதுப்பிப்பு, ஆளுக்கு இல்லம்மா. நாங்க எறங்குவோம், அடுத்த செட்டு ஏறும்" என்று சிரித்தவர், "நம்ம துண்டு எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். டிராக்டர், கல், வைக்கோல், டிராக்டர்காரர் சொன்ன யோசனை, அதற்கு நான் வேண்டாம் என்று சொல்லாததுவரை சொன்னேன். அவர் கோபத்தில் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"கல்லை எங்கியும் நடாத" என்றார். "கலப்பைய வுட்டு எங்க எறக்குனாங்களோ அங்கியே கொண்டுபோயிப் போடு. அண்ணன் வந்ததும் நீயே சொல்லிடு. வேற யாராவது சொல்லி அவுரு கேக்கக்கூடாது."

டிராக்டர்காரருக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்றேன். கல்லை நான் ஒருத்தியாகவே வெளியே எடுத்தேன். தூக்க முடியாமல் உருட்டி, சாக்கில் வைத்து இழுத்து, வரப்போரம் கொண்டுபோய்ப் போடுவதற்குள் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. தெருவில் போன இரண்டு பேர் என்ன ஏது என்று கேட்டார்கள். கல்லு என்றேன்.

அவர்கள் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கியபோது நான் நிறுத்தத்திலேயே நின்றிருந்தேன். அக்காவுக்குப் பித்தப்பையில் சின்னக் கல், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதை அக்கா சிரித்தபடி சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே பேசினேன்.

"மாமா, துண்டுல நான் ஏர் ஓட்டிட்டேன். கல்லு வந்துடுச்சு. எங்க இருந்துச்சுன்னு தெரியாமப் போயிடுச்சு."

மாமா பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு நேராக வயலுக்கு நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, அந்தக் கூட்டல் குறியை விரலால் தடவினார். முறிந்து கூடிய கையால்தான் தடவினார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அக்காதான் பேசினார்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டுன கையோடயே போயி இதப் பண்ணியா?" என்றார்கள். இந்த மூன்று வருடத்தில் அந்த வார்த்தை என் காதைவிட்டுப் போகவில்லை.

அன்று என் பயம் முழுக்க இதுதான்: தம்பி வரட்டும் என்று காத்திருப்பார். தை பத்தாம் தேதி மறுபடி மண்வெட்டி எடுப்பார்கள். இந்தத் தடவை அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

காலையில் பாய் வந்தார். வண்டியைவிட்டு இறங்கியவர் உழுத மண்ணைப் பார்த்து அப்படியே நின்றார். மாமாவும் வந்தார். நான் முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். வெறுங்கையோடு வந்திருந்தார்.

பாய் படம் எடுத்தார். டைரியைத் திறந்து, துண்டு நிலம் உழுதிருக்கிறது, ஒரு கல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மூடப்போனார்.

"யாரு உழுததுன்னு எழுதுங்க பாய்" என்றேன்.

"நான் பாக்கலியேம்மா. கேட்டத எழுத மாட்டேன்னு ஒங்கிட்டதானே சொன்னேன்."

"கேட்டது இல்ல பாய். நான் பண்ணது. எழுதுங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் பேனாவை உதறி எழுதினார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தோல் உரிந்த கையில் பேனா பிடிக்க முடியவில்லை, எப்படியோ போட்டேன்.

பிறகு பாய் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கணக்குப்படி ஆறு மாசம் முடியுது. தம்பி இன்னும் இருபது நாள்ல வந்துடும். இனிமே நான் வர்றதா வேணாமா? ரெண்டு பேரும் சொல்லணும். ஒருத்தர் வேணான்னாலும் நான் வரல. எனக்கு என் வேல இருக்குது."

எனக்கு அதில் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்று நின்றேன். மாமா தலையைத் தூக்கினார். ஒன்றரை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒன்ன நான் நம்பலம்மா. தம்பியையும் முழுசா நம்பல. நீங்களும் என்ன நம்பப் போறதில்ல. அதனாலதான் சொல்றேன், பாய் வரட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்ற தோரணையும் இல்லை. மோட்டாருக்கு ஃப்யூஸ் போடச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நானும் சரி என்றேன். பாய் டைரியில் ஆடி வரைக்கும் என்று எழுதிக்கொண்டு, முதலில் மாமா வீட்டிலும் பிறகு என் வீட்டிலும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

தை பத்தாம் தேதி என் கணவர் வந்தார். பெட்டியைக்கூட இறக்காமல் அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போனார். நான் வாசலில் நின்று மண்வெட்டி இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, சோறு போடு என்றார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, அங்கே பனி எப்படி இருக்கும் என்று அண்ணன் கேட்டார், சொன்னேன் என்றார். அவ்வளவுதான்.

சண்டை தீரவில்லை. அளந்து கொடுக்கச் சொல்லித் தாலுகா ஆபீசில் போட்ட மனு இன்னும் வரிசையில் இருக்கிறது. கல் அதே வரப்போரம் கிடக்கிறது, களை எடுக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். எட்டடித் துண்டில் புல்தான் முளைக்கிறது, இரண்டு வீட்டு மாடும் மேய்கின்றன. அக்காவும் நானும் பேசிக்கொள்கிறோம், ஆனால் எங்கேயாவது வெளியூர் போனால் சாவியை இப்போது என்னிடம் கொடுப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நாட்டு எல்லையில் அமைதிப்படையை மறுபடி ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள் என்று இப்போதும் எப்போதாவது நாலு வரிச் செய்தி வருகிறது. இத்தனை வருடமாகியும் ஒருவரையொருவர் நம்பவில்லையா என்று கடையில் யாராவது சிரித்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் சந்தேகப் புத்தியும் என்னைவிட்டுப் போய்விடவில்லை. ஆனால் தையிலும் ஆடியிலும் பாய் வந்து நின்று, வர்றதா வேணாமா என்று கேட்கும்போது மாமாவுக்கு முந்தி சரி என்று சொல்கிறவள் நான்தான், ஏனென்றால் அவருடைய டைரியில் என் கையெழுத்தோடு இருக்கும் அந்த ஒரு பக்கம், நான் மாமாவைப் பார்ப்பதற்கு முன் என்னையே ஒருமுறை பார்த்துக்கொள்ள வைக்கிறது.